கண்ணுக்கும் காதுக்கும் ஒரு முத்திரை
தொலைக்காட்சி நிலையங்களிடம் கடைக்காரர்கள் கற்க வேண்டிய பாடம்



கொள்முதல், இருப்பு, பற்று வரவு, வரி ஆகியவற்றைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம், எழுதுகிறோம். இந்த முறை வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். தொலைக்காட்சி நிலையங்கள் தங்களை மக்களுக்கு எப்படி அடையாளம் காட்டிக்கொள்கின்றன என்பதே அது. நிகழ்ச்சிகளுக்கு நடுவே சுழன்று வரும் சின்னம், அதோடு ஒலிக்கும் சிறு இசை, தொடர் தொடங்கும்போது வரும் டைட்டில் பாட்டு ஆகியவற்றைத்தான் சொல்கிறேன்.

மளிகைக் கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அவர்கள் தொழிலும் நம் தொழிலும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான். தொலைக்காட்சி பார்ப்பவர் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவார். நம் வாடிக்கையாளர் பத்து அடி நடந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். இப்போது நடக்கக்கூட வேண்டாம், கைப்பேசியில் தட்டினால் வீட்டுக்கே சரக்கு வந்துவிடுகிறது. துவரம் பருப்பு எல்லாக் கடையிலும் துவரம் பருப்புதான். அப்படியிருக்க, நம் கடைதான் வேண்டும் என்று அவர் ஏன் நினைக்க வேண்டும்? சிறு கடைகள் நிலைப்பதும் மறைவதும் இந்தக் கேள்விக்கு நாம் வைத்திருக்கும் பதிலைப் பொறுத்தது. தரம், எடை, விலை, நாணயம் ஆகியவைதான் முதல் பதில். அந்த நாணயத்தை வாடிக்கையாளர் மறக்காமல் வைத்துக்கொள்ள ஒரு முத்திரை தேவை என்பது இரண்டாவது பதில். இந்தப் பாடம் அந்த இரண்டாவது பதிலைப் பற்றியது.

எழுத்துக்கு முன்னால் படம்

திருத்தணி எல்லைப்புற ஊர். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதிதான் இது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்றும் நம் கடைகளுக்கு நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். ஒருவர் துவரம் பருப்பு என்பார், அடுத்தவர் கந்திப்பப்பு என்பார். தெலுங்கு மட்டும் படிக்கத் தெரிந்தவர் உண்டு, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் உண்டு, எதுவும் படிக்கத் தெரியாதவரும் உண்டு.

இத்தனை பேரும் தங்களுக்கு வேண்டிய பாக்கெட்டைச் சரியாக எடுத்துவிடுகிறார்கள். "அந்த மயில் படம் போட்டது", "பச்சைக் கவர்", "யானை மார்க்" என்றுதான் கேட்கிறார்கள். அவர்கள் பெயரைப் படிப்பதில்லை, படத்தைப் பார்க்கிறார்கள், நிறத்தைப் பார்க்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் நிற்கும் ஒருவருக்கு மலைக்கு வழி சொல்ல எழுத்து வேண்டியதில்லை. வேலும் மயிலும் வரைந்திருந்தால் போதும், எந்த மொழிக்காரரும் புரிந்துகொள்வார்.

இது இன்று வந்த வித்தையும் அல்ல. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன் என்று சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் ஏறி இறங்கும் சரக்கு மூட்டைகளின் மேல் சுங்க அதிகாரிகள் புலி முத்திரை குத்தியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. மூட்டையின் மேல் புலி இருந்தால் அது சுங்கம் கண்ட சரக்கு என்று பொருள். பார்த்தவுடன் ஒரு செய்தி, அந்தச் செய்திக்குப் பின்னால் ஒரு பொறுப்பு. முத்திரை என்றால் அன்றும் இன்றும் இவ்வளவுதான்.

தூர்தர்ஷனின் கண்

நம் நாட்டுத் தொலைக்காட்சி முத்திரைகளில் மூத்தது தூர்தர்ஷன் சின்னம். 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி டில்லியில் சோதனை முறையில் தொலைக்காட்சி தொடங்கியது. சென்னைக்கு 1975-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதி வந்தது. அதுவரை தொலைக்காட்சி அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவாகவே இருந்தது. 1976-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி அதைத் தனியாகப் பிரித்தார்கள். பங்கு பிரிந்து தனிக்கடை வைப்பவர் புதிய போர்டு எழுதுவதைப் போல, தூர்தர்ஷனுக்கும் ஒரு சின்னம் வேண்டியிருந்தது.

அந்த வேலை ஆமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்திடம் போயிற்று. அங்கு படித்துக்கொண்டிருந்த தேவாசிஷ் பட்டாச்சார்யா என்ற மாணவர் ஒரு வட்டத்தையும் அதைச் சுற்றி இரண்டு வளைவுகளையும் வரைந்தார். ஆசிரியர்களும் மாணவர்களுமாக வரைந்துகொடுத்த 14 வடிவங்களில் இதைத்தான் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி தேர்ந்தெடுத்தார் என்று பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்தில் கணினி வரைகலை இல்லை. படத்தின் நகல்களைக் கேமராவுக்கு அடியில் வைத்து, சிறிது சிறிதாகச் சுழற்றிப் படம்பிடித்து, வளைவுகள் வந்து ஒன்றுகூடிக் கண்ணாக மாறுவதுபோல் செய்தவர் ஆர்.எல். மிஸ்திரி என்ற கலைஞர். அதற்கு இசை தந்தவர் பண்டிட் ரவிசங்கர், ஷெனாய் கலைஞர் உஸ்தாத் அலி அகமது உசேன் கான் அவரோடு சேர்ந்து பணியாற்றினார்.

இதில் நமக்கு என்ன பாடம்? மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, எளிமை. ஒரு வட்டம், இரண்டு வளைவு. பள்ளிப் பிள்ளைகூட நோட்டுப் புத்தகத்தில் வரைந்துவிடும். கறுப்பு வெள்ளைப் பெட்டியிலும் தெரிந்தது, 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணம் வந்தபோதும் தெரிந்தது. ஆண்டெனா சரியாக எடுக்காமல் புள்ளி புள்ளியாகப் படம் வந்த வீட்டிலும் தெரிந்தது. நம் கடைப் பையில் ஒரே நிறத்தில் மலிவாக அச்சிட்டாலும் தெரிகிற சின்னம்தான் நல்ல சின்னம்.

இரண்டாவது, மொழி கடந்தது. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மூன்றாவது, விடாப்பிடி. இதுதான் முக்கியம். அந்தக் கண் நாள்தோறும், ஆண்டு முழுவதும், அதே இசையோடு வந்தது. 2017-இல் பிரசார் பாரதி புதிய சின்னம் கேட்டுப் போட்டி அறிவித்து, ஒரு லட்சம் ரூபாய் பரிசும் அறிவித்தது. ஆயினும் அந்த வளைவுகளை விட்டுவிட மனம் வரவில்லை போலும். நிறமும் பளபளப்பும் மாறியிருக்கின்றன, அடிப்படை வடிவம் இன்றும் நிற்கிறது. 50 ஆண்டு காலமாக மக்கள் மனத்தில் சேர்ந்த முதலை யார்தான் கரைப்பார்கள்?

காதுக்கும் ஒரு முகவரி

கண் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் காது எல்லாப் பக்கமும் கேட்கும். தொலைக்காட்சிக்கு முன்பே வானொலி இதைப் புரிந்துகொண்டது. விடியற்காலையில் அகில இந்திய வானொலியின் முத்திரை இசையைக் கேட்டுக் கடை திறந்த தலைமுறை நம்முடையது. சிவரஞ்சனி ராகத்தின் சாயலில் 1930-களில் அதை அமைத்தவர் வால்ட்டர் காஃப்மன் என்ற ஐரோப்பியர் என்றால் பலருக்கும் வியப்பாக இருக்கும். இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல் கேட்டால் போதும், எந்த நிலையம் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது. அங்கே குரலே முத்திரை.

அமெரிக்காவின் என்.பி.சி. வானொலி மூன்றே மூன்று மணி ஓசைகளைத் தன் அடையாளமாக வைத்திருந்தது. நிகழ்ச்சி முடிந்தது என்று மற்ற ஊர் நிலையங்களுக்குத் தெரிவிக்க வந்த ஓசை அது. நாளடைவில் அதுவே நிறுவனத்தின் பெயராகிவிட்டது. 1950-இல் அந்நாட்டில் அந்த ஓசையை வணிக முத்திரையாகவே பதிவு செய்துகொண்டார்கள். நம் காலத்தில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தொடங்கும்போது கேட்கும் 'டுடும்' என்ற ஓசையில், திருமண மோதிரத்தால் படுக்கையறை அலமாரியின் பக்கத்தைத் தட்டிய சத்தமும் கலந்திருக்கிறது என்று அதை உருவாக்கியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஓசைக்குப் பெரிய வாத்தியக் கோஷ்டி தேவையில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் தெருவில் இந்த வித்தையை முதலில் அறிந்தவர் சோன்பப்டிக்காரர். மணி அடித்தால் பிள்ளைகள் காசோடு ஓடி வருவார்கள். குல்ஃபி வண்டிக்காரரின் மணி வேறு, பஞ்சுமிட்டாய்க்காரரின் மணி வேறு. வீட்டுக்குள் இருக்கும் குழந்தை இரண்டையும் பிரித்துச் சொல்லும். கடைக்காரர்களாகிய நமக்கும் ஓசை உண்டு. வாடிக்கையாளர் படியேறும்போது "வாங்கம்மா, வாங்கண்ணா" என்று சொல்லும் குரலும், தெலுங்குக்காரர் வந்தால் "ரண்டி" என்று சொல்லும் குரலும் நம் கடையின் முத்திரை இசை. கைப்பேசியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, வந்தவரை நிமிர்ந்தும் பார்க்காத கடையில் அந்த இசை ஒலிப்பதில்லை.

டைட்டில் என்பது வாசற்படி

ஒரு தொடர் தொடங்கும்போது வரும் டைட்டில் மூன்று வேலை செய்கிறது. அடுக்களையில் இருப்பவரைக் கூடத்துக்கு அழைக்கிறது. வரப்போவது சிரிப்பா, அழுகையா, பக்தியா என்று மனத்தைத் தயார்படுத்துகிறது. யார் யார் உழைத்திருக்கிறார்கள், யார் வழங்குகிறார்கள் என்று சொல்கிறது.

ஆர்.கே. நாராயண் கதைகளைச் சங்கர் நாக் 'மால்குடி டேஸ்' என்ற தொடராக எடுத்தார். 1980-களின் பிற்பகுதியில் தூர்தர்ஷனில் வந்தது. அதன் தொடக்கத்தில் நாராயணனின் தம்பி ஆர்.கே. லட்சுமண் வரைந்த கோட்டோவியங்கள் வரும், எல். வைத்தியநாதன் இசையில் ஒரு முணுமுணுப்பு கேட்கும். அதில் ஆடம்பரம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த முணுமுணுப்பைக் கேட்டவுடன் ஒரு சிறிய ஊரும் அதன் மனிதர்களும் கண்முன் வந்துவிடும்.

1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை ஞாயிறு காலையில் 'மகாபாரதம்' வந்தது. காலமே பேசுவதாக ஹரீஷ் பீமானியின் குரல் தொடங்கும். இந்தி தெரியாத நம் பக்கத்து வீடுகளிலும் அந்தக் குரல் கேட்டவுடன் பேச்சு நின்றது. சொல் புரியாவிட்டாலும் கனம் புரிந்தது.

தமிழில் சன் தொலைக்காட்சியில் 1999 முதல் 2001 வரை வந்த 'சித்தி' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். தினா இசையில் நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய அதன் டைட்டில் பாட்டு, தெருவில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வீட்டுக்கு வீடு ஒரே நேரத்தில் கேட்டது. நடந்து போகிறவர் ஒரு வரியும் விடாமல் கேட்டுக்கொண்டே போகலாம். பிறகு 2002 முதல் 2005 வரை வந்த 'மெட்டி ஒலி'யின் பாட்டும் அவ்வாறே. 'சித்தி' முடிந்து 18 ஆண்டுகள் கழித்து, 2020-இல் அதே பெயரில் இரண்டாம் பாகம் தொடங்கினார்கள். பழைய பெயருக்கு இன்னும் கிராக்கி இருந்ததால்தானே?

இன்று கைப்பேசியில் தொடர் பார்ப்பவர்கள் டைட்டிலைத் தாண்டிப் போக ஒரு பொத்தான் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் அதை 2017-இல் கொண்டுவந்தது. ஆகவே இப்போது டைட்டில்கள் சுருங்கி வருகின்றன. நமக்கும் இது பொருந்தும். வாடிக்கையாளருக்கு நேரம் குறைவு. கடை வாசலில் பத்துப் பதினைந்து கம்பெனி விளம்பரத் தட்டிகள் தொங்கி, நடுவே நம் கடைப் பெயர் எங்கே என்று தேட வேண்டியிருந்தால், அவர் தாண்டிப் போய்விடுவார். கம்பெனிக்காரர் இலவசமாகப் போர்டு வைத்துத் தருகிறார், உண்மைதான். அந்தப் போர்டில் முக்கால் பங்கு அவர் சோப்பும் குளிர்பானமும், மூலையில் சிறிய எழுத்தில் நம் கடைப் பெயர். தொடரின் பெயரைச் சிறிதாகவும் விளம்பரதாரர் பெயரைப் பெரிதாகவும் போட்டு யாராவது டைட்டில் எடுப்பார்களா?

மாற்றலாமா, கூடாதா?

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

சென்னைத் தூர்தர்ஷனின் தமிழ் ஒளிபரப்புக்கு 2000-ஆம் ஆண்டில் 'பொதிகை' என்று பெயர் வைத்தார்கள். தமிழ் பிறந்த மலை என்ற நினைவோடு மக்கள் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டார்கள். 2024 ஜனவரியில் அது 'டிடி தமிழ்' என்று மாற்றப்பட்டது. நாடு முழுவதும் ஒரே குடும்பப் பெயர் இருக்க வேண்டும் என்பதில் நியாயம் இருக்கலாம். ஆயினும் பெரியவர்கள் இன்றும் "பொதிகையில் போட்டான்" என்றுதான் சொல்கிறார்கள். போர்டை ஒரு நாளில் மாற்றலாம், வாய்ப்பழக்கம் மாற வெகுகாலம் ஆகும்.

விஜய் தொலைக்காட்சியை 2001-இல் ஸ்டார் நிறுவனம் வாங்கியபோது வேறு விதமாக நடந்துகொண்டது. தங்களிடம் பெரிய பெயர் இருந்தும், 'விஜய்' என்பதை எடுத்துவிடவில்லை. முன்னால் தங்கள் பெயரைச் சேர்த்து 'ஸ்டார் விஜய்' என்றார்கள். ஓடுகிற கடையை விலைக்கு வாங்குபவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டிடத்துக்கும் சரக்குக்கும் மட்டும் நாம் பணம் கொடுக்கவில்லை, அந்தப் பெயரின் பழக்கத்துக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறோம். வாங்கிய மறுநாளே பழைய போர்டைக் கழற்றி எறிவது, கொடுத்த பணத்தில் ஒரு பங்கைத் தெருவில் எறிவதாகும்.

சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில் தொடங்கியது. பிறகு அந்தக் குழுமம் கன்னடத்தில் வைத்த பெயர் 'உதயா', மலையாளத்தில் 'சூர்யா'. ஒன்று உதயம், மற்றொன்று சூரியன். மொழிக்கு மொழி பெயர் வேறு, பொருள் ஒரே குடும்பம். அண்ணன் மளிகை, தம்பி பாத்திரக்கடை, மகன் மருந்துக்கடை என்று பிரிந்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இது நல்ல வழி.

மாற்றவே கூடாதா என்றால் அப்படியும் இல்லை. இங்கிலாந்தில் பி.பி.சி.யின் இரண்டாவது அலைவரிசையைச் சலிப்பூட்டும் நிலையம் என்று மக்கள் நினைத்து வந்தார்கள். 1991-இல் மார்ட்டின் லாம்பி-நாயர்ன் என்பவரின் குழு அதற்குப் புதிய முத்திரைகள் செய்து கொடுத்தது. 'இரண்டு' என்ற ஒரே எண், ஒருமுறை அதன் மேல் வர்ணம் கொட்டும், ஒருமுறை பட்டுத் துணி அலையும். நிகழ்ச்சிகள் பெரிதாக மாறாதபோதே அந்த நிலையத்தைப் பற்றிய மக்கள் எண்ணம் மாறியது. அமெரிக்காவில் 1981 ஆகஸ்ட் 1-ஆம் தேதி தொடங்கிய எம்.டி.வி. தன் எழுத்தின் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே நிறத்தையும் கோலத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தது. வடிவம் நிலையாக இருக்கட்டும், உடுப்பு மாறலாம் என்பது இவர்கள் காட்டிய வழி. பொங்கலுக்குக் கரும்பு கட்டுங்கள், தீபாவளிக்குச் சரவிளக்கு போடுங்கள், ஆடிக் கிருத்திகைக்கு மஞ்சள் தோரணம் கட்டுங்கள். கடைப் பெயரும் அதன் எழுத்தும் சின்னமும் அதே இடத்தில் அப்படியே இருக்கட்டும்.

மொத்த வியாபாரத்தில் நான் கண்ட ஓர் உதாரணம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஓர் அரிசி மார்க், வெளியூர் ஆலையுடையது. பழைய சிவப்பு எழுத்துச் சாக்கை மாற்றி, பளபளப்பான நீல நிறச் சாக்கில் அனுப்பினார்கள். ஆலை அதே ஆலை, நெல் அதே நெல். சில்லறைக் கடைக்காரர்கள் மூட்டையைத் திருப்பி அனுப்பினார்கள். "இது டூப்ளிகேட் என்று வீட்டுக்காரம்மாக்கள் சொல்கிறார்கள்" என்றார்கள். மூட்டையைப் பிரித்து, சோறு ஆக்கிக் காட்டி, பேசிப் புரியவைக்க வேண்டியதாயிற்று. மாற்றத்தான் வேண்டுமென்றால், சில மாதம் முன்பே பழைய சாக்கில் "இனி இந்தப் புதிய உறையில்" என்று படம் போட்டு அச்சிட்டிருக்கலாம்.

தடங்கலுக்கு வருந்துகிறோம்

தூர்தர்ஷன் காலத்தை நினைத்தால் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்ற அட்டையும் நினைவுக்கு வரும். கிரிக்கெட்டில் முக்கியமான நேரத்தில் அது வந்து நிற்கும். நாம் திட்டினோம், கேலி செய்தோம். ஆனால் எண்ணிப் பாருங்கள். அந்த அட்டை இல்லாமல் திரை வெறுமனே இருண்டிருந்தால், நம் பெட்டி கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைத் தேடி ஓடியிருப்போம். குறை எங்களுடையது, சரிசெய்கிறோம், இருங்கள் என்று சொல்லும் மரியாதை அதில் இருந்தது.

கேட்ட சரக்கு நம்மிடம் இல்லாதபோது "இல்லை" என்று மட்டும் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கடைகள் உண்டு. "வியாழக்கிழமை லோடு வருகிறதம்மா, எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லும் கடையும் உண்டு. கடைக்கு விடுமுறை என்றால் கதவில் ஒரு தாள் ஒட்டி, மறுபடி திறக்கும் நாளை எழுதிவைக்க எவ்வளவு செலவாகும்? நல்ல நாளில் முத்திரையைக் காட்டுவது எளிது. குறை நேர்ந்த நாளில் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் அந்த முத்திரையின் மதிப்பு தெரியும்.

முத்திரையும் சட்டமும்

திரையின் மூலையில் நிலையச் சின்னம் எப்போதும் இருப்பதற்கு இரண்டு காரணங்கள். மாற்றிக்கொண்டே வருபவருக்கு எங்கே இருக்கிறோம் என்று தெரிய வேண்டும். பிறர் காட்சியைத் திருடிப் போட்டால் யாருடையது என்றும் தெரிய வேண்டும். பெயர் எடுத்த சரக்குக்குப் போலி வருவது நம் தொழிலிலும் பழைய கதை. எழுத்தில் ஓர் எழுத்து மாற்றி, அதே நிறம், அதே படம் போட்டு வரும் பாக்கெட்டுகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

சொந்தமாக மசாலா, மாவு, காபித்தூள், எண்ணெய் பாக்கெட் போடும் வணிகர்கள் தங்கள் மார்க்கைப் பதிவு செய்வது நல்லது. 1999-ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. நமக்குரிய பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது. 2017 விதிகளின்படி தனிநபரும் சிறு நிறுவனமும் இணையம் வழியாக விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். அரிசி, மாவு, காபி, டீ, மசாலா ஆகியவை 30-ஆம் வகுப்பு. சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பு. கடை நடத்தும் சேவைக்கு 35-ஆம் வகுப்பு. விண்ணப்பம் ஏற்கப்பட்டால் அதற்கான அரசிதழில் வெளியிடுவார்கள். நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் பதிவாகும். பத்து ஆண்டு செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதிவாவதற்கு முன் 'டி.எம்.' என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தைப் பதிவான பிறகுதான் போட வேண்டும், முன்பே போடுவது தவறு.

ஓசையையும் பதிவு செய்யலாம். இந்தியாவில் முதன்முதலாகப் பதிவான ஒலி முத்திரை யாஹூ நிறுவனத்தின் கூவல், ஆண்டு 2008. இப்போதுள்ள விதிப்படி 30 வினாடிக்கு மிகாத ஒலிப்பதிவாகக் கொடுக்க வேண்டும்.

சில்லறைக் கடைக்காரர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். போலி முத்திரை இட்ட சரக்கைச் செய்தவர் மட்டுமல்ல, விற்றவரும் குற்றவாளி. ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தக்க எச்சரிக்கையோடு வாங்கினேன், சந்தேகப்பட இடமில்லை, இன்னாரிடம் வாங்கினேன் என்று மெய்ப்பிக்க முடிந்தால்தான் தப்பிக்கலாம். அந்த மெய்ப்புக்கு ஆதாரம் கொள்முதல் பில். பில் இல்லாமல், சைக்கிளில் கொண்டுவந்து பாதி விலைக்குப் போடும் சோப்பையும் டீத்தூளையும் வாங்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் கடைக்கு ஒரு முத்திரை

பெரிய நிறுவனங்கள் கோடி கோடியாகச் செலவழிக்கின்றன, நம்மால் ஆகுமா என்று தளர வேண்டாம். கீழே சொல்பவற்றுக்கு அதிகச் செலவு இல்லை.

1. கடைப் பெயர் ஒன்றாக இருக்கட்டும். போர்டில் ஒன்று, பில்லில் ஒன்று, கைப்பேசிப் பணப் பலகையில் ஒன்று என்று இருக்கக் கூடாது.

2. ஒரு படம் வைத்துக்கொள்ளுங்கள். தராசு, நெற்கதிர், விளக்கு என்று எதுவானாலும் சரி, ஒரு குழந்தை வரையக்கூடியதாக இருக்கட்டும். அடுத்த தெருக்காரர் வைத்திருப்பதை வைக்காதீர்கள்.

3. நிறம் இரண்டுக்கு மேல் வேண்டாம். போர்டு, பை, பில், ஆட்கள் அணியும் சட்டை எல்லாவற்றிலும் அதே இரண்டு நிறம்.

4. நம் ஊரில் போர்டைத் தமிழில் பெரிதாக எழுதி, தெலுங்கிலும் ஒரு வரி சேருங்கள். வருகிறவர் தம் எழுத்தைக் கண்டால் மகிழ்வார்.

5. துணிப்பை கொடுங்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. கடைப் பெயர் அச்சிட்ட மஞ்சள் பை, நம் முன்னோர் கண்டுபிடித்த நடமாடும் முத்திரை. கல்யாணத்துக்கும் போகும், ஆஸ்பத்திரிக்கும் போகும், பஸ்ஸிலும் ரயிலிலும் போகும்.

6. வரவேற்கும் சொல் ஒன்றை வழக்கமாக்குங்கள். முதலாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடைப் பையன்களும் அதையே சொல்ல வேண்டும்.

7. வைத்ததை மாற்றாதீர்கள். நமக்குச் சலித்துப்போகும் காலத்தில்தான் வாடிக்கையாளருக்குப் பழக ஆரம்பிக்கிறது.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி 1956-இல் பல நிறத் தோகையுடைய மயிலைத் தன் சின்னமாகக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தின் உரிமையாளரான ஆர்.சி.ஏ. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி விற்று வந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தவருக்கு வண்ணப் பெட்டி மேல் ஆசை வர வேண்டும் என்பது நோக்கம். தோகை வாக்களித்த வண்ணம் பெட்டியிலும் இருந்ததால்தான் மக்கள் வாங்கினார்கள். முத்திரை ஒருவரை ஒருமுறை கடைக்குள் அழைத்து வரும். மறுமுறை அழைத்து வருவது சரியான எடையும் நல்ல சரக்கும்தான். எடையில் குறைத்துவிட்டு முத்திரையைப் பெரிதாகப் போட்டால், யாரிடம் ஏமாந்தோம் என்பதை மக்கள் மறக்காமல் இருக்கத்தான் அந்த முத்திரை உதவும்.

கடையைப் பூட்டியபின் இன்றிரவே தெருவின் எதிர்ப்பக்கம் நின்று நம் போர்டைப் பாருங்கள். புதிதாக வரும் ஒருவருக்கு அது என்ன சொல்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மாற்ற வேண்டியதை வரும் பண்டிகைக்கு முன் ஒருமுறை மாற்றி, பிறகு அதையே விடாமல் காப்போம்.

வாழ்க வணிகம்! வளர்க ஒற்றுமை!